வயலில் இறங்கும் மான் கூட்டம்: பயிரையும் காத்து, வழக்கிலும் சிக்காமல் இருக்க வழிகள்

காட்டை ஒட்டிய மானாவாரி நிலங்களில் உளுந்து, தட்டை, நிலக்கடலை, கேழ்வரகு முதலியவற்றைச் சாகுபடி செய்யும் சிறு விவசாயிகளுக்கு மழையைப் போலவே மானும் ஒரு கவலை. மழை தவறினால் பயிர் வாடும். மான் கூட்டம் ஓர் இரவு இறங்கினால், காலையில் பார்க்கும்போது கொழுந்து ஒன்றும் மிஞ்சியிருக்காது. விதை, உரம், உழவுக் கூலி எல்லாம் கடன் வாங்கிப் போட்டவருக்கு அந்தக் காட்சி எவ்வளவு வேதனை தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த வேதனையில்தான் சிலர் தவறான வழியில் இறங்கிவிடுகிறார்கள். கண்ணி வைப்பது, மோட்டார் கொட்டகையிலிருந்து கம்பி இழுத்து வேலியில் மின்சாரம் பாய்ச்சுவது போன்றவற்றால் பயிர் நிரந்தரமாகக் காப்பாற்றப்படுவதில்லை. மாறாக, சொந்த மாடு சாகிறது. சில சமயம் சொந்தக் குடும்பத்தாரே பலியாகிறார்கள். பிழைத்தவர் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. மானின் பழக்கங்களைத் தெரிந்துகொண்டு, ஒன்றிரண்டு தடுப்பு முறைகளைச் சேர்த்துச் செய்தால், அதைக் கொல்லாமலே பயிரைப் பெருமளவு காக்க முடியும்.

வந்தது எது?

முதலில் சேதம் செய்தது எந்தப் பிராணி என்று தெரிய வேண்டும். பன்றிக்குச் செய்யும் தடுப்பு மானுக்குப் பலிக்காது.

மானுக்கு ஆடு மாடுகளைப் போலவே மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. ஆகவே அது இலையைக் கடித்து இழுத்துத்தான் தின்னும். கடித்த இடம் நார்நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்த தண்டு கத்தியால் சீவியது போலச் சாய்வாக இருக்கும். காட்டுப்பன்றி மூக்கால் மண்ணைக் கிளறிப் போட்டிருக்கும். செடியோடு கடலையும் கிழங்கும் வெளியே வந்து கிடக்கும். முள்ளம்பன்றி தென்னங்கன்றின் அடியைக் குடைந்திருக்கும். ஒன்றிரண்டு முட்களும் விழுந்து கிடக்கலாம்.

காலடித் தடத்தையும் பார்க்கலாம். மானின் குளம்பு ஒடுங்கி, முன்பக்கம் கூராக இருக்கும். பன்றியின் தடம் சற்று அகலம். ஈர மண்ணில் பின்பக்கம் இரு சிறு விரல்களின் பதிவும் பெரும்பாலும் தெரியும். மானின் சாணம் ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக இருக்கும்.

நம் பகுதியில் பயிருக்கு வருபவை பெரும்பாலும் புள்ளிமான், கடமான், வெளிமான் ஆகிய மூன்று. தெற்கு மாவட்டங்களில் கடமானை மிளா என்பார்கள். புள்ளிமான் கூட்டமாக வரும். வளர்ந்த கிடா 70 முதல் 90 கிலோ வரை எடை இருக்கும். கடமான் இதைவிட மிகப் பெரியது. 200 கிலோவைத் தாண்டும் கிடாக்களும் உண்டு. இது இரவில்தான் அதிகம் நடமாடும். வெளிமான் மரக்காட்டைவிடத் திறந்த புல்வெளியையே விரும்பும். கோடியக்கரை, தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு ஆகிய சரணாலயங்கள் வெளிமானுக்குப் பெயர் பெற்றவை. திருநெல்வேலி மாவட்டத்தில் கங்கைகொண்டானில் புள்ளிமானுக்கென்றே 2013-இல் ஒரு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

மானின் பழக்கம்

புள்ளிமான் அதிகாலையிலும் மாலையிலும் மேயும். ஆள் நடமாட்டம் உள்ள இடங்களில் மேய்ச்சலை இரவுக்கு மாற்றிக்கொள்ளும். அதற்குத் தினமும் தண்ணீர் தேவை. ஆகவே கோடையில் காட்டுக் குட்டைகள் வற்றியதும் வாய்க்கால், கிணறு, தோட்டத் தொட்டி என்று தேடி வரும்.

ஆபத்து என்றால் ஓடி ஒளியப் புதர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது புள்ளிமானின் சுபாவம். மறைவு இல்லாத வெட்டவெளியைக் கடக்க அது தயங்கும். எனவே வரப்பை ஒட்டி மண்டியுள்ள உண்ணிச்செடி, சீமைக் கருவேலம் ஆகியவற்றை நிலத்தைச் சுற்றி இருபது, முப்பது அடி அகலத்துக்கு வெட்டிச் சுத்தமாக வைப்பது செலவில்லாத முதல் தடுப்பு. வெட்டுவது சொந்தப் பட்டா நிலத்தில் மட்டுமே இருக்க வேண்டும். வனத்துறை நிலத்தில் ஒரு செடியை வெட்டவும் அனுமதி தேவை.

மான் வழக்கமான தடத்திலேயே வரும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். நிலத்தைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தால் அது நுழையும் இடம் இரண்டோ மூன்றோதான் என்பது தெரியும். பணம் குறைவாக உள்ளவர் அந்த இடங்களில் தடுப்பை முதலில் பலப்படுத்தலாம். ஆனால் அங்கே மட்டும் அடைத்துவிட்டு நின்றுவிடக் கூடாது. சில நாளில் மான் வேறு வழி கண்டுபிடிக்கும்.

காவல் எந்த நாட்களில்?

பயிர்க்காலம் முழுவதும் இரவு பகலாகக் காவல் காக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. காவலைப் பயிரின் பருவத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.

பயறு வகைகளில் முளைத்ததிலிருந்து முதல் முப்பது நாட்களே மானால் அதிக ஆபத்து. அப்போது கொழுந்து போனால் செடி மீண்டு வருவது கடினம். உளுந்தும் பாசிப்பயறும் ஏறத்தாழ 65 முதல் 75 நாட்களில் முடிந்துவிடும் பயிர்கள். அவற்றில் ஒரு மாதம் வீணானால் மகசூலே போயிற்று. அடுத்த ஆபத்துக் காலம் பூவும் பிஞ்சும் விடும்போது. நிலக்கடலையில் முதல் மாதம் மானையும், காய் திரண்டபின் அறுவடை வரை பன்றியையும் கவனிக்க வேண்டும்.

பக்கத்து நிலத்துக்காரர்கள் ஒரே வாரத்தில் விதைப்பது நல்லது. ஒருவர் மட்டும் முன்னால் விதைத்தால் சுற்றுவட்டாரத்து மான் எல்லாம் அவர் நிலத்தில்தான் இறங்கும். எல்லாரும் சேர்ந்து விதைத்தால் சேதம் பரவலாகும். காவலையும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளலாம். நாலு குடும்பங்கள் சேர்ந்தால் ஒருவருக்கு நாலு நாளுக்கு ஓர் இரவுதான் பரணில் விழிப்பு. காவலுக்குப் போகிறவர் டார்ச் விளக்கும் காலுக்குச் செருப்போ பூட்சோ இல்லாமல் போகக் கூடாது. யானை நடமாட்டம் உள்ள பகுதியில் தனியாகப் பரணில் தங்குவது கூடாது.

வேலி: சேர்ந்து போட்டால் பாதிச் செலவு

நிலையான தடுப்பு வேலிதான். சிறு விவசாயிக்கு அதன் செலவு மலைப்பாகத் தோன்றும். இதில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். சதுரமான ஒரு ஏக்கர் நிலத்தின் சுற்றளவு சுமார் 835 அடி. அடுத்தடுத்து ஒரு ஏக்கர் வைத்திருக்கும் நாலு பேர் தனித்தனியே வேலி போட்டால் மொத்தம் 3,340 அடி ஆகிறது. நாலு ஏக்கரையும் ஒன்றாக வளைத்து ஒரே வேலி போட்டால் 1,670 அடி போதும். கம்பியும் பாதி, தூணும் பாதி. பத்து அடிக்கு ஒரு தூண் என்றால், தனியே போடுகிறவருக்கு 84 தூண்கள்; சேர்ந்து போட்டால் ஒருவர் பங்குக்கு 42 தூண்கள்தான். பங்காளிகளுக்குள் வரப்புத் தகராறு இருந்தாலும், இந்த ஒன்றுக்காவது சேர்ந்துகொள்வது லாபம்.

உயிர்வேலி: கொங்கு நாட்டில் கிளுவை வேலி தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. கிளுவைப் போத்துகளை மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டு, வளர வளரப் பின்னிவிட்டால் சில ஆண்டுகளில் ஆடும் நுழையாத முள்வேலி கிடைக்கும். களா, இலந்தை, கொடுக்காப்புளி, ரயில் கற்றாழை ஆகியவற்றையும் சேர்த்து நடலாம். உயிர்வேலி எழும்ப நாளாகும். அதுவரை முள்ளை வெட்டிப் போட்டு அடைக்க வேண்டும்.

கம்பி வேலி: புள்ளிமான் நன்றாகத் தாண்டும். நாலடி வேலி அதற்கு ஒரு தடையே அல்ல. ஆறு அடிக்குக் குறையாமலும், முடிந்தால் எட்டு அடி உயரத்திலும் வேலி இருக்க வேண்டும். அடியிலும் இடைவெளி விடக் கூடாது. தாண்ட முடியாத மான் கம்பிக்கு அடியில் ஊர்ந்து நுழைந்துவிடும். வெளிமானிடம் இந்தப் பழக்கம் அதிகம். பன்றி உள்ள இடத்தில் வலையின் அடிப்பாகத்தை மண்ணில் புதைக்க வேண்டும்.

இரட்டை வேலி: உயரமான வேலிக்கு வசதியில்லாதவர் இதை முயன்று பார்க்கலாம். அமெரிக்காவில் பழத்தோட்டக்காரர்கள் அந்நாட்டு மான்களைத் தடுக்க இம்முறையைக் கையாளுகிறார்கள். நாலடி உயரத்தில் இரண்டு வேலிகளை மூன்று, நாலு அடி இடைவெளியில் போடுகிறார்கள். ஒரே தாவலில் இரண்டையும் கடக்க முடியுமா என்று மானுக்குத் தெளிவாகத் தெரியாது. இடையில் குதித்தால் மீண்டும் தாவ இடமும் போதாது. அதனால் தாண்டத் தயங்கும்.

சேலை வேலி: பழைய சேலைகளைக் கம்பில் கட்டி நிலத்தைச் சுற்றி இழுப்பது பல ஊர்களில் பழக்கத்தில் உள்ளது. ஒரு சேலை ஏறத்தாழ 18 அடி நீளம். ஒரு ஏக்கரைச் சுற்ற 46 அல்லது 47 சேலைகள் வேண்டும். உள்ளே இருக்கும் பயிர் மானின் கண்ணில் படாமல் மறைவதும், துணி காற்றில் ஆடுவதும் இதன் பலன். இது முதல் முப்பது நாட்களுக்கு ஏற்ற தற்காலிகத் தடுப்பே. மான் பழகிவிட்டால் தள்ளிக்கொண்டு வந்துவிடும்.

மீன்வலையை வேலியாகக் கட்டுகிறவர்கள் உண்டு. இது வேண்டாம். கிடாவின் கொம்பு வலையில் சிக்கிக்கொள்ளும். விடுபட முடியாமல் துள்ளித் துள்ளியே அது செத்துப்போகும். பாம்பும் பறவையும்கூட மாட்டிக்கொள்ளும்.

சூரிய மின்வேலி: சூரிய ஒளித் தகடு, 12 வோல்ட் பாட்டரி, அதிர்வுக் கருவி ஆகியவற்றால் இயங்கும் வேலி இது. அழுத்தம் அதிகம் என்றாலும், நொடிக்கு ஏறத்தாழ ஒருமுறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவாகவே மின் துடிப்பு வருகிறது. தொட்ட பிராணி அதிர்ந்து விலகும், சாகாது. இந்த வேலிக்கும் விதிகள் உண்டு. தமிழ்நாட்டில் மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்த 2023-இல் அரசு விதிமுறைகளை வெளியிட்டது. ஆகவே வேலி வாங்கும் முன் வனச் சரகர் அலுவலகத்தில் விசாரித்து அனுமதி பெறுவது முதல் வேலை. தரச்சான்று உள்ள கருவியையே வாங்க வேண்டும். கம்பியில் புல்லும் கொடியும் படர்ந்தால் மின் துடிப்பு தரையில் இறங்கி வீணாகும். வாரம் ஒருமுறை கம்பிக்கு அடியில் செதுக்கிவிட வேண்டும். இதைச் செய்யாததால்தான் பல வேலிகள் ஓராண்டிலேயே பயனற்றுப் போகின்றன.

விரட்டும் முறைகள்

மானுக்கு மோப்ப சக்தி அதிகம். அழுகிய முட்டை வாசனை அதற்கு ஆகாது. பத்து லிட்டர் தண்ணீருக்குப் பத்து முட்டை என்ற அளவில் நன்றாக அடித்துக் கலக்கி, துணியில் வடிகட்டி, கைத்தெளிப்பானால் வயலின் ஓரச் செடிகள் மீது தெளிக்கலாம். வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் மறுபடியும், இல்லாவிட்டால் மாதம் ஒருமுறையும் தெளிக்க வேண்டும். புதிதாக விடும் கொழுந்தில் மருந்து இருக்காது என்பதால், வேகமாக வளரும் பயிரில் இடைவெளியைக் குறைத்துக்கொள்ள வேண்டும். கீரையிலும் பச்சையாக உண்ணும் காய்களிலும் இதைத் தெளிக்கக் கூடாது.

வயலைச் சுற்றி நாலு வரிசை ஆமணக்கை நெருக்கமாக விதைப்பது இன்னொரு முறை. மான் ஆமணக்கை விரும்பாது. உள்ளிருக்கும் பயிரையும் அது மறைக்கும். ஆமணக்கு முத்து விஷத்தன்மை உடையது. அறுவடையின்போது ஆடு மாடுகளும் சிறு பிள்ளைகளும் அதை எடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தகர டப்பா, பளபளக்கும் நாடா, சுழலும் விளக்கு ஆகியவை சில நாட்களுக்குப் பலன் தரும். ஒரே இடத்தில் ஒரே சத்தம் தொடர்ந்து கேட்டால் மான் அதைப் பொருட்படுத்தாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை இடத்தையும் முறையையும் மாற்ற வேண்டும்.

முன்பெல்லாம் போரேட் குருணை மருந்தைச் சிறு பைகளில் கட்டி வேலியில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. போரேட் இந்தியாவில் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய இருப்பு வீட்டில் இருந்தாலும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

நாயை அவிழ்த்துவிட்டு மானைத் துரத்தச் செய்வதும் தவறு. மிரண்டு ஓடும் மான் கிணற்றில் விழும். அல்லது சாலையில் வாகனத்தில் அடிபடும். நாயைக் காவலுக்கு வைப்பதானால் கட்டியே வைக்க வேண்டும். அதன் குரைப்பே போதும்.

செய்யவே கூடாதவை

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். துப்பாக்கியால் சுடுவது மட்டுமே வேட்டை என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணி வைப்பது, பொறி வைப்பது, விஷம் வைப்பது, பிடிப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே சட்டத்தின் பார்வையில் வேட்டைதான். கண்ணியில் மான் விழாவிட்டாலும் வைத்தவர் குற்றவாளியே.

இச்சட்டம் 2022-இல் திருத்தப்பட்டது. பொதுவான குற்றங்களுக்கு மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். வெளிமான் முதல் அட்டவணையில் உள்ளதால், அதை வேட்டையாடினால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. சரணாலயத்துக்குள் வேட்டையாடினாலும் இதே கடுமைதான். உயிரைக் காத்துக்கொள்ள வேறு வழியின்றிப் பிராணியைக் கொல்ல நேர்ந்தால் சட்டம் விலக்கு அளிக்கிறது. பயிரைக் காக்கக் கொன்றேன் என்பதற்கு அந்த விலக்கு இல்லை.

காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம். ஆனால் இவற்றைச் செய்கிறவர்கள் வனத்துறையினர். விவசாயி தாமே துப்பாக்கி எடுக்க இது அனுமதி தரவில்லை. மானுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.

மின்சாரம் பாய்ச்சிய வேலி எல்லாவற்றிலும் கொடியது. பம்ப்செட் இணைப்பில் வரும் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பதில்லை. தொட்ட பிராணியை விடாமல் பிடித்துக்கொள்ளும். ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவர் பிழைப்பது அரிது. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்ச வரும் பக்கத்து வயல்காரருக்கும், ஆடு தேடி வரும் சிறுவனுக்கும் அங்கே கம்பி இருப்பது தெரியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, பயிரைக் காக்க முறைகேடாக மின்சாரம் பாய்ச்சிய வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரு குட்டிகள் மட்டும் தப்பின. நிலத்துக்காரர் கைது செய்யப்பட்டார். இப்படிப்பட்ட வேலியால் மனித உயிர் போனால் மரணம் விளைவித்ததற்காகத் தனி வழக்கும், மின்சாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு இன்னொரு வழக்கும் வரும்.

பழத்துக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் அவ்வாறே. பன்றிக்கு வைத்ததை மேய்ச்சல் மாடு கடித்து, தாடை சிதறிச் சாவது பல ஊர்களில் நடந்திருக்கிறது.

கிணற்றில் மான் விழுந்தால்

கோடையில் தண்ணீர் தேடியும், நாய் துரத்தியும் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகளில் மான் விழுவது அடிக்கடி நடக்கிறது. அதை மேலே எடுப்பதிலும் முறை இருக்கிறது. முறை தவறினால் மானும் சாகும், இறங்கியவருக்கும் ஆபத்து.

1. உடனே வனச் சரகர் அலுவலகத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். தீயணைப்புக்கு 101, அவசர உதவிக்கு 112.

2. கூட்டத்தை விலக்க வேண்டும். மேலிருந்து எட்டிப் பார்த்துக் கூச்சலிட்டால் மான் மிரண்டு சுவரில் மோதும். நாய்களைப் பிடித்துக் கட்ட வேண்டும்.

3. கிணற்று மோட்டாரை நிறுத்தி, மின் இணைப்பையும் துண்டிக்க வேண்டும்.

4. தண்ணீர் ஆழமாக இருந்தால், உதவி வரும் வரை மான் சாய்ந்து நிற்கக் கயிற்றுக் கட்டிலையோ பெரிய பலகையையோ நாலு மூலையிலும் கயிறு கட்டி மெதுவாக இறக்கலாம்.

5. பயிற்சி இல்லாதவர் கிணற்றில் இறங்கக் கூடாது. பாழுங்கிணறுகளில் விஷக் காற்று தங்கியிருக்கும். மானின் குளம்பு உதையும் கொம்புக் குத்தும் சாதாரணமானவை அல்ல.

6. கழுத்தில் சுருக்குப் போட்டு இழுக்கவே கூடாது. மேலே வருமுன் மூச்சு நின்றுவிடும். வயிற்றுக்கு அடியில் வலையை விரித்து, உடல் முழுவதையும் தாங்கும்படி தூக்க வேண்டும். வளர்ந்த கிடாவைத் தூக்கக் குறைந்தது நாலு திடமான ஆட்கள் வேண்டும்.

7. மேலே வந்ததும் ஈரத் துணியால் கண்ணை மூட வேண்டும். மூக்கு மூடக் கூடாது. கண் மறைந்தால் மான் அடங்கும். பக்கவாட்டில் கிடத்தாமல் மார்பு தரையில் படும்படி உட்கார வைக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும்.

8. தடவிக் கொடுப்பதும், சூழ்ந்து நின்று படம் எடுப்பதும் மானுக்கு உதவி அல்ல. அதிகமாக மிரண்ட மான், காயம் எதுவும் இல்லாமலே பின்னர் இறந்துபோவது உண்டு. வனத்துறையினர் பார்த்துச் சொன்னதும் காட்டுப் பக்கம் விட்டுவிட வேண்டும்.

இவ்வளவு சிரமமும் வராமல் இருக்கக் கிணற்றுக்கு மூன்று, நாலு அடி உயரத்தில் கைப்பிடிச் சுவர் கட்டுவதே மேல். வசதி இல்லாதவர் முள்ளையாவது வெட்டி வளைத்துப் போடலாம். அது வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு.

குட்டியும் இறந்த மானும்

பெண்மான் குட்டியைப் புல்லில் மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும். தனியாகக் கிடக்கும் குட்டியை அநாதை என்று நினைத்து வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. தாய் திரும்பி வரும். மான்குட்டியை வீட்டில் வளர்ப்பதும் குற்றமே.

வயலில் மான் செத்துக் கிடந்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். இறந்த வன விலங்கு அரசின் சொத்து. அப்படி ஒன்று கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். நாய் கடித்துத்தானே செத்தது என்று இறைச்சியைப் பங்கு போட்டால் பங்கு வாங்கிய எல்லார் மீதும் வழக்கு வரும். கொம்பை வீட்டில் வைத்திருப்பதும் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்க, காரணம் தெரியாமல் செத்த பிராணியை அறுப்பது உடல்நலத்துக்கே கேடு. வாய், மூக்கு வழியாக இரத்தம் வடிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கக்கூடும். அது மாட்டுக்கும் மனிதனுக்கும் தொற்றும். கால்நடை மருத்துவர் பரிசோதித்தபின் எரிப்பதா புதைப்பதா என்பதை வனத்துறை பார்த்துக்கொள்ளும்.

இழப்பீடு கேட்க

வன விலங்கால் பயிர் சேதமானால் அரசு இழப்பீடு வழங்குகிறது. பலர் மனம் வெறுத்து உடனே உழுது போட்டுவிடுகிறார்கள். பிறகு சேதத்தைக் காட்ட எதுவும் இருப்பதில்லை. காலையில் சேதத்தைக் கண்டதும் காலடித் தடமும் கடித்த செடிகளும் தெரியும்படி படம் எடுத்து, அன்றே வனச் சரகர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ரசீது பெற வேண்டும். கிராம நிர்வாக அலுவலருக்கும் வேளாண்மை அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைத் தயாராக வைக்கலாம். குத்தகைக்குச் செய்கிறவர் அடங்கலில் தம் பெயர் பதிவாகியிருக்கிறதா என்பதைச் சேதம் வருமுன்னரே பார்த்துக்கொள்வது நல்லது.

பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் வன விலங்குச் சேதத்தையும் 2026 காரீப் பருவம் முதல் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. தம் மாவட்டத்துக்கும் பயிருக்கும் இது பொருந்துமா என்பதைக் காப்பீடு செய்யும்போதே வேளாண்மை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே விதைப்புக்கு முன்னரே நிலத்தைச் சுற்றி நடந்து மான் வரும் தடத்தைப் பார்ப்பதும், பக்கத்து நிலத்துக்காரர்களோடு கலந்து வேலிக்கும் காவலுக்கும் ஏற்பாடு செய்வதும், கிணற்றுக்குச் சுவரோ முள்ளோ வைப்பதும் நலம். முளைவிட்ட பயிரின் முதல் முப்பது இரவுகளைக் காத்துவிட்டால் மானால் வரும் நஷ்டத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். அதன்பின் ஓரத்தில் நாலு செடி போனாலும், விளைந்தது வீடு வந்து சேரும்.